கோடு போடும் வேலை

கியோட்டோவில் இருபத்திரண்டு நாள்.
நோட்டில் மழை விழுந்த பக்கங்கள் ஒன்பது.
அதில் ஒன்றில்
ஹிராட்டா என்ற மனிதர் பாசியின் ஓரம் குந்தியிருக்கிறார்,
கையில் புருவம் எடுக்கிற மாதிரி ஓர் இடுக்கி,
உதிர்ந்த இலை, முளைத்த புல், ஒவ்வொன்றாக.
எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன்.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பாசியைப் பார்த்தார்.
கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னாள்:
"தெரியலையாம்."

நீடாமங்கலத்தில் பாசி என்றால்
வழுக்கும், ப்ளீச்சிங் பவுடர் போடு.

ரைஸ்மில் குஞ்சிதபாதத்துக்குப்
புதுவீட்டின் முன்னால் ஜப்பான் தோட்டம் வேண்டும்.
நாலு சென்ட். ஒரு புத்தர். முடிந்தால் விளக்கு எரிகிற நீரூற்று.
புத்தரை ஒரே நாளில் பேசிக் கழித்தேன்.
நீரூற்றுக்கு ஒரு வாரம் ஆனது.
"தண்ணியே இல்லாத தோட்டமா?
அதுக்குச் சித்திரையில மூணாறு தலைப்புல போய் நின்னா போதுமே."

போய் நின்றேன்.
ஷட்டர் இறங்கிக் கிடந்தது.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
மூன்றும் மணலாகவே பிரிந்து போயின.
மணலில் காற்று போட்ட வரி, குறுக்கே
மாட்டுக் குளம்பு, டிராக்டர் டயர், ஒற்றைச் செருப்பு.
அங்கே சரளையை வாரி அலை என்கிறார்கள்,
இங்கே அலை வருகிற தேதியைப் பேப்பரில் தேடுகிறோம்
என்று நோட்டில் எழுதி, அடித்தேன்.
அழகாக இருந்தது. வேலைக்கு உதவாது.

கல் திருமயம் பக்கமிருந்து மூன்று நடை வந்தது.
இந்த மண்ணில் கல் ஏது, அம்மிகூட வெளியூர்க்காரிதான்.
மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்றேன்.
"காசு குடுத்து வாங்கிப் புதைக்கிறீங்களா மேடம்?"
கிரேன்காரர் என்ஜினை அணைத்துவிட்டே கேட்டார்.

ஒரு தடவை கோடு போட்டால் எத்தனை வருஷம் தாங்கும்
என்றார் குஞ்சிதபாதம்.
சாயங்காலம் வரைக்கும் என்றேன்.
சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு
காரில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் மில் களத்திலிருந்து செங்கமலம் வந்தாள்.
தினம் ஒரு மணி நேரம், கூலி மில் கணக்கில்.
ஏழு பல் மரவாரியைத் தூக்கி எடை பார்த்தாள்,
சுவரில் சாய்த்தாள், செருப்பைக் கழற்றினாள்.
புழுங்கல் நெல்லைக் கிளறிப் பழகிய கால்கள்
இழுத்து இழுத்து
இரண்டு அகல வரி போட்டன சரளையில்.
நான் கேமராவை எடுப்பதற்குள்
"குத்துது" என்றாள்.
செருப்பைப் போட்டு வாரியை எடுத்துக்கொண்டாள்.

கல்லருகே வந்தால் வளைய வேண்டும் என்றேன்.
"எதுக்கு?"
தண்ணீர் அப்படித்தானே கல்லைச் சுற்றும்.
"எடுத்ததும் சுத்தாது. மோதும். அப்புறந்தான் சுத்தும்."
கல்லின் மேல்புறம் வரிகளை நெருக்கினாள்,
கீழ்ப்புறம் அகல விட்டாள்.
இருபத்திரண்டு நாளில் நான் வரைந்த படங்களில்
அந்த நெருக்கம் இருக்கிறதா என்று
ராத்திரி புரட்டிப் பார்த்தேன். இரண்டில் இருந்தது.
பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன், தெரியாமல்.

ஆவணியில் கோரை வந்தது.
கறுப்புத் துணி விரித்து அதன்மேல் சரளை கொட்டியும்
துணியைத் துளைத்து, ஊசி ஊசியாக.
ஓர் ஆற்றுக்கே பேர் கொடுத்த புல்
நாலு சென்ட்டுக்கா அடங்கும்?
இடுக்கி வாங்கிக் குந்தினேன்.
கிழங்கு ஒன்று அறுந்தால் மூன்றாகிறது.
எவ்வளவு நேரம் ஆகும் ஆன்ட்டி, என்றாள்
குஞ்சிதபாதத்தின் பேத்தி.
எனக்கும் தெரியவில்லை.

ஐப்பசி. இரண்டு இரவு விடாமல்.
காலையில் போனால் தோட்டத்தில் கணுக்கால் அளவு நீர்.
அடியில் அவள் போட்ட வரிகள் கலையாமல் கிடந்தன,
மேலே காற்று வேறு வரி போட்டுக்கொண்டிருந்தது.
செங்கமலம் சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி
கேட்டருகே நின்றாள்.
"இன்னிக்குக் கோடு போட வேணாமில்ல?"

கூலி உண்டா என்றுதான் கேட்கிறாள் என்பது
புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.