இடது குதிகால்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
எங்கள் சோதனைக்கூடத்துக்குள் ஓர் அறை.
பத்தடிக்கு எட்டடி.
கதவில் சிவப்பு எண்: மைனஸ் நாற்பது.

என் வேலை நிற்பது.
கால்விரல் இடுக்குகளில் நான்கு கம்பிகளை ஒட்டிக்கொண்டு
பனிக்கென்று தைத்த பூட்ஸில்
இருபது நிமிடம் நிற்பேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குணசுந்தரி
என் கட்டைவிரல் எத்தனை டிகிரி என்று
எழுதிக்கொண்டிருப்பாள்.

வெளியே வந்தால் கத்திரி வெயில்.
நாற்பத்து மூன்று.
மூக்குக்கண்ணாடி சட்டென்று வெளுத்து
கேட்டும் வேப்பமரமும் வாட்ச்மேனும்
காணாமல் போவார்கள்.
அந்த அரை நிமிடத்துக்காகத்தான்
வேறு வேலை தேடவில்லை.
எண்பத்து மூன்று டிகிரியை
ஒரே எட்டில் தாண்டினவன் நான் என்று
டீக்கடையில் சொல்லிவிட்டேன்.
"ஆத்தாம குடு மாஸ்டர்,
பாய் துருவத்துலேர்ந்து வந்துகீறாரு."

ராத்திரி பதினொன்றுக்கும்
மொட்டைமாடி சுடும்.
பாயை நனைத்துப் போட்டுப் படுத்து
செல்போனில் அந்தக் கண்டத்தைப் பார்ப்பேன்.
ஏதோ ஒரு நிலையத்தின் கேமரா
பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும்.
ஒரு கொடிக்கம்பம், இரண்டு பீப்பாய்.
ஜூன் வந்தால் அதுவும் இல்லை. கருப்பு.
கருப்பையும் பார்ப்பேன்.
"அணைச்சிட்டுத் தூங்குங்க" என்பாள் ஷமீமா.
அணைந்த மாதிரி இருப்பதுதான் படம் என்று
அவளுக்கு எப்படிச் சொல்ல?

இன்னா கீது அங்க, என்று கேட்கிறார்கள்.
ஈ இல்லை என்று ஆரம்பித்தேன்.
சிரித்தார்கள்.
தோல் ஊறும் ஊரில் பிறந்தவனுக்கு
ஈ இல்லாத ஒரு கண்டம்
எவ்வளவு பெரிய செய்தி!
அங்கே ஒரு பூச்சி உண்டாம்.
அதற்கும் சிறகு கிடையாதாம்.

பங்குனியில் ஒரு ஜோடி திரும்பி வந்தது.
புகார்ச் சீட்டில் ஒரே வரி.
இடது குதிகால் வெடிப்பு, மைனஸ் நாற்பத்து நான்கில்.
எங்கள் அறைக்குத் தெரியாத நான்கு டிகிரி.
போட்டவர் பெயர் இல்லை.
அளவு ஒன்பது. என் அளவு.

யாரும் பார்க்கவில்லை,
முகர்ந்து பார்த்தேன்.
டீசல். கொஞ்சம் வெங்காயம்.
உள்மெத்தையை உருவினேன்.
வலது புதுசாக இருந்தது.
இடதில் மட்டும் வெளி ஓரம்
காகிதமாகத் தேய்ந்திருந்தது.
தினமும் எதையோ
ஒரே கையில் தூக்கிப் போகிற ஆள்.
டீசல் கேனாக இருக்கும்.
சமையல் கட்டுக்காக இருக்கும்.
கேமராவில் தெரியாத அந்தக் கருப்புக்குள்
ஒருத்தன் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
போய் வந்துகொண்டிருந்திருக்கிறான்.

ஒன்பது வருஷத்தில்
அந்த அறையில் நான் நடந்ததே இல்லை.

இன்று கழிவறை வாளியில் தண்ணீர் பிடித்து
இடது கையில் எடுத்துக்கொண்டு போனேன்.
பத்தடி. திரும்பு. பத்தடி.
மூன்றாவது திருப்பத்தில்
தண்ணீரின் மேல் ஆடை கட்டியது.

"இன்னாண்ணா பண்றீங்க?"
ஸ்பீக்கரில் குணசுந்தரி.
"நிக்கத்தான சொல்லிகீது?"

கட்டைவிரல் எவ்வளவு, சொல்லு.

காகிதம் புரளும் சத்தம்.
"இருங்க...
ஏறுதுண்ணா."