டிம் லைட்

பகலில் நான் பில்டி எழுதுகிறவள்.
சங்ககிரி மலை ஜன்னலில் பாதி தெரியும்
புக்கிங் ஆபீஸில், தாள் பறக்காமல்
ஸ்டேப்ளரை மேலே வைத்து
சிலிகுரி என்று எழுதுவேன். ராய்ப்பூர் என்று எழுதுவேன்.
சரக்கு: ஜவ்வரிசி, நானூறு மூட்டை.
நான் போன தூரம் பவானி கூடுதுறை வரைக்கும்.
அதுவும் ஸ்கூட்டியில்.

இரவு பத்தரைக்கு, பாத்திரம் கவிழ்த்த பின்
பன்னிரண்டு டயர் வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிறேன்.
அக்கா மகன் மிதுன் எட்டிப் பார்ப்பான்.
அவன் ஆட்டத்தில் நூறு பேர் குதிப்பார்கள், ஒருவன் மிஞ்சுவான்.
"ஏன் சித்தி, இதுல யாரையுமே சுட மாட்டாங்களா?"
"மாட்டாங்க."
"அப்பறம் எப்படி செயிக்கறது?"
"சரக்க எறக்கோணும்."
அவன் சிரித்த சிரிப்பில்
எனக்கொரு வளைவு தவறிப்போனது.

சுடுகிறவர்களுக்கு ஊரெல்லாம் கூட்டாளி.
பயிர் வளர்க்கும் ஆட்டம் ஆடுகிறவள்
எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறாள்;
அவள் தோட்டத்தில் நிஜ மஞ்சள் தண்ணீர் கேட்டு நிற்கிறது.
எதையும் வெல்லாமல், யாரையும் முந்தாமல்
இருட்டில் லாரி ஓட்டிப் போகிற ஆட்களை
இரண்டு வருஷம் தேடினேன்.

என்னோடு சேர்த்து ஐந்து.

கரூரில் ஜன்னல் திரை தைக்கும் அன்சாரி
ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ரிவர்ஸ் எடுப்பார்.
பள்ளிபாளையம் குழந்தைவேலுவின் மைக்கில்
சதா ஓர் இரைச்சல்;
இஞ்சின் கோளாறென்று மூன்று வாரம் நினைத்திருந்தோம்.
தறி.
பீளமேட்டில் பல் டாக்டருக்குப் படிக்கிற பெனிட்டா
காலி ரோட்டிலும் ஹாரன் அடிப்பாள்.
அர்த்தநாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆள்,
சத்தீஸ்கரில் எங்கேயோ எழுநூறு அடி போர் போட்டுவிட்டு
வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு போனில் வருவார்.
"பகல் பூரா லாரி, ராத்திரியும் லாரியாங்க?"
என்று ஒருமுறை கேட்டேன்.
"அது மொதலாளி வண்டிங்க.
இது என்னுது."

எண்பதைத் தாண்டக் கூடாது.
எதிரே வண்டி வந்தால் டிம் அடிக்கணும்.
மழை பெய்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வது
யாரும் சொல்லாமலே வந்த சட்டம்.

ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி.
அங்கே சிக்னல் ஒரு கோடுதான் போலிருக்கிறது.
அர்த்தநாரி வண்டி அந்தரத்தில் எழும்பியது,
பாலத்துக் கைப்பிடிச் சுவருக்குள் பாதி நுழைந்தது,
நின்றது.
அவர் குரல் துண்டு துண்டாக:
"நீங்... போங்... நா..."
யாரும் ஒன்றும் பேசவில்லை.
குழந்தைவேலு ஓரம் கட்டினார். அன்சாரி கட்டினார்.
நாலு வண்டியும் ஹசார்ட் விளக்குப் போட்டு
பொய்யான ஒரு பாலத்தில்
நாற்பது நிமிஷம் நின்றோம்.
தறி ஓடிக்கொண்டிருந்தது.
பெனிட்டா பரீட்சைக்குப் படித்தாள், சத்தமாக,
கடைவாய்ப் பல்லின் வேர்கள் பற்றி.
மிதுன் வந்து பார்த்தான்.
"ஹேங்கா சித்தி?"
"இல்லடா. ஆள் வரோணும்."
இந்த முறை அவன் சிரிக்கவில்லை;
தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

தீபாவளி முடிந்து அர்த்தநாரி ஊருக்கு வந்திருந்தார்.
டோல்கேட் தாண்டி ஒரு பேக்கரியில் எல்லோரும் கூடினோம்.
யார் முகமும் அவரவர் குரலுக்குப் பொருந்தவில்லை.
அன்சாரிக்கு நான் நினைத்ததைவிடப் பாதி வயசு.
அர்த்தநாரியின் கையில் கிரீஸ் போகாத ரேகைகள்.
"டீ சொல்லட்டுங்களா?"
"சொல்லுங்."
தேங்காய் பன்னை ஆளுக்கொரு பக்கம் பிய்த்தோம்.
பெனிட்டா போனைத் திருப்பி வைத்தாள், மறுபடி திருப்பினாள்.
வந்திருக்கக் கூடாதோ என்று
பர்ஸைக் கையில் எடுத்தேன்.

அப்போது பைபாஸில் ஒரு லாரி போனது,
தார்ப்பாய் இறுகக் கட்டி, முழு லோடு.
ஐந்து தலையும் ஒன்றாகத் திரும்பின.
"பன்னெண்டு" என்றார் குழந்தைவேலு.
"பதினாலுங்க" என்றேன். "ஒரு அச்சத் தூக்கி விட்டிருந்தான்."
"தூக்குனத கணக்குல சேக்கலாமா?"
"முழு லோட எவனாச்சும் தூக்கி ஓட்டுவானா?"
"ஏனுங்க, டயர் டயர்தானுங்களே?"
அர்த்தநாரி பன்னை வைத்துவிட்டு
ஈரக் கிளாஸால் மேஜையில்
அச்சு அச்சாக வட்டம் போட்டுக் காட்டத் தொடங்கினார்.