புல் ஓடுதளம்

போன மே மாதம், டிஸா ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
விமானம் வராத ஓடுதளத்தில்
நூல் கட்டித் தரை அணில் வளைகளை எண்ணினேன்.
உள்ளங்கை வைத்தால் மறைந்துபோகும் வாய்,
செங்குத்தாய் இறங்கும் இருட்டு.
திறந்தது, மூடியது:
படிவத்தில் இரண்டே கட்டம்.

எதிரே குனிந்தபடி வந்தாள் போர்பாலா,
கையில் கத்தரிக்கோல், இடுப்பில் மாவுப்பை.
மருந்து தெளிக்க வந்த விமானங்களுக்குக்
கோபுரத்தில் உட்கார்ந்து
இருபது வருடம் காற்றின் திசை சொன்னவள்.
இப்போது வளையக் காளான் அறுக்கிறாள்,
நார்த்தண்டை விட்டுத் தொப்பியை மட்டும்.

"உன் அணில் எத்தனை?"
"நாற்பத்தொன்று."
"என் காளான் ஒன்றே ஒன்று" என்றாள்
பிதுங்கும் பையைத் தூக்கிக் காட்டி.
மண்ணுக்கடியில் எல்லாம் ஒரே உடம்பாம்.

அணிலுக்கு அச்சம் உண்டு.
பருந்தின் நிழல் விழுந்தால் ஒரு சீழ்க்கை,
மைதானமே காலி.
காளான் யாருக்கும் குரல் கொடுப்பதில்லை.
அறுத்தால் அறு;
அடுத்த மழைக்கு வேறு தலை.
அணில் எவ்வளவு ஓடினாலும்
பொழுது சாய்ந்தால் தன் வளைக்கே திரும்பும்.
காளானோ வருடத்துக்கு ஒரு சாண்
எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் போய்க்கொண்டிருக்கிறது,
தான் தின்று தீர்த்த நடுவை
திரும்பிப் பார்க்காமல்.

"ரெண்டுக்கும் ஒரே வித்தைதான் தெரியும்"
என்று செப்டம்பரில் ஒரு ஜாடி தந்தாள்.
எனக்கு விளங்கவில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி, ஜன்னல் வரை பனி.
ஏழு தொப்பிகளை வெந்நீரில் போட்டேன்.
பழைய செருப்புத் தோல் மாதிரிக் கிடந்தவை
கால்மணி நேரத்தில் சுருக்கம் நீங்கி
விளிம்பை விரித்தன.
சமையலறை முழுக்க லேசான பாதாம் வாசம்.
அதே நேரம் ஓடுதளத்தின் அடியில்
நாற்பத்தொரு உருண்டைகள்,
வயிற்றில் புதைந்த மூக்கு,
நிமிடத்துக்கு நாலைந்து துடிப்பு,
கிணற்றுக் கல்லின் சில்லிப்பு.
கரண்டியை எடுக்க
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஏப்ரல்.
முப்பத்தெட்டு வாய்கள் புதிதாய்த் திறந்திருக்கின்றன.
மூன்று இடத்தில் மண் அசையவே இல்லை.
நூலைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றாள் போர்பாலா.
பதினேழாம் வளையின் மேல்
புல் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சை;
வளையத்தின் ஓரம்
அதை ஏறிக் கடந்துகொண்டிருந்தது.
அவள் கத்தரிக்கோலை வெளியே எடுக்கவில்லை.

மூடியது, என்று எழுதப் போனேன்.
பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.
"பென்சில் இல்லையா உன்னிடம்?"