முப்பத்தொன்பதாவது தாள்

வெள்ளி மதியம், கடைசி மணி அடித்ததும்
மீன் தராசைத் தூக்கிப் பிடிக்கிறாள் ரினேஷா படையாச்சி.
சாட்ஸ்வர்த் சந்தையில் அவள் சித்தப்பா
கவலை மீன் நிறுக்கிற தராசு.
எத்தனை கழுவியும் கொக்கியில் வாசம் போகவில்லை.
வகுப்புக் குப்பைக்கூடைகள்
ஒவ்வொன்றாக அதில் தொங்குகின்றன.

ஏழு ஏ: ஒன்றேகால் கிலோ.
ஏழு பி: இரண்டு.
ஆசிரியர் அறை: நாலரை.
"பன்னி சவ் சுற்றி வந்த தாளைக் கழித்துவிடு"
என்கிறார் மூட்லி சார்.
"கறி எண்ணெயையும் சேர்த்தா சார்?"
அனெலே எழுதிக்கொள்கிறான்,
போன வருடக் கணக்குத் தேர்வின் முதுகில்.

ஜூனில் ஒரு வாரம் கணக்கே இல்லை.
குரங்குகள் இறங்கிக் கூடைகளைக் கவிழ்த்தன,
புவியியல் பாடம் முழுக்க மாமரத்தில் தொங்கியது.
அந்த வாரத்துக்கு எதிரே நோட்டில்
'குரங்கு' என்று மட்டும் இருக்கிறது.

என் அறைக்குக் கடைசியில்தான் வந்தார்கள்.
பதினோரு வருடமாக
நகல் இயந்திரத்தோடு குடித்தனம் எனக்கு.
எங்கே இருமும், எந்தத் தாளை விழுங்கும், தெரியும்.
மின்வெட்டு வந்தால்
வாயில் பாதித் தாளோடு உறைந்துவிடும்.
இரண்டு மணி நேரம் கழித்து
மறுபடி முதலிலிருந்து நூறு.
முன்பு விழுந்த ஐம்பதை யாரும் கேட்பதில்லை.
கட்டண நினைவூட்டல் பிள்ளைக்கு ஒன்று:
மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு
மூன்று முறை போய்ச் சொல்லும்,
பணம் கட்டவில்லை என்று.

என் கூடை ஒன்பது கிலோ.
'காகிதத்தைச் சேமிப்போம்' அறிவிப்பே அதில்
கோணலாக விழுந்தது அறுபது.
சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.
எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகஸ்டில்
இரண்டு பக்கமும் அச்சடிக்கக் கற்றேன்.
நினைவூட்டல் வீட்டுக்கு ஒன்றானது.
மாதம் பதினெட்டுப் பெட்டி தாள்
பதின்மூன்றில் நின்றது.
ஒரு கணக்கு மட்டும் இடித்தது.

ஏழு பி-யில் முப்பத்தெட்டுப் பேர்.
நான் அனுப்புவது முப்பத்தொன்பது.
அந்த வாரம் ஒன்பது பாடத்தாள்;
ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி
பேனா படாமல், மடிப்பு விழாமல்
கூடையில்.

"முப்பத்தொன்பதாவது யாருக்கு மேம்?"

லுவாண்ட்லேவுக்கு.
கடல் என்று பொருளாம் அந்தப் பெயருக்கு.
ஏப்ரல் மழையில் மேட்டோடு சேர்ந்து
அவர்கள் வீடு இறங்கிப் போனது.
அம்மாவும் அவனும் எந்த ஊரில்?
அதைக் கேட்கும் படிவம்
அலுவலக மேசையில் நிரப்பாமல் கிடக்கிறது.
குறைத்துக்கொள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
விரலுக்குப் பழகிய எண்:
மூன்று, ஒன்பது, பச்சைப் பொத்தான்.
வேறு காரணம் இல்லை
என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன்.

ரினேஷா பென்சிலைக் கடித்தாள்.
'வீண்' என்று ஒரு கட்டம்,
'மறுபக்கம் எழுதலாம்' என்று ஒரு கட்டம்.
இரண்டுக்கும் வெளியே, ஓரத்தில்,
சின்னதாக ஒன்பது என்று போட்டாள்.
"அவன் என் பெஞ்ச்" என்றான் அனெலே.
தாள்களைத் தட்டிச் சீராக்கி
அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான்.
எடை பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அறிவியல் பாடம்.
மூன்று அழுத்தினேன்.
எட்டைத் தேட வேண்டியிருந்தது,
ஒன்பதுக்குப் பக்கத்திலேயே இருக்கிற எட்டை.
வாங்கிப் போன மூட்லி சார்
தாழ்வாரத்தில் நின்று எண்ணிவிட்டுத் திரும்பி வந்தார்.
"ஒன்று குறைகிறதே."
நான் பதில் சொல்லவில்லை.
மறுபடி எண்ணினார்,
இந்த முறை தாளைப் பார்க்காமல்,
உதட்டில் பெயர் பெயராக.
"இல்லை" என்றார். "சரிதான்."