தரிசு, மற்றவை

படிவத்தில் பன்னிரண்டு வரிகள்.
பதின்மூன்றாவது தென்பட்டால்
'மற்றவை' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள்.
நிலத்தின் வகை என்ற கட்டத்தில்
முன்பே அச்சாகியிருந்தது: தரிசு.

மாசி மாதம். வெள்ளக்கல்பட்டியில் இறங்கும்போது ஏழரை.
கைவிட்ட சுரங்கத்தின் வெள்ளைக் குவியல்கள்
அதற்குள் கண்ணைக் கூசவைத்தன.
வடக்கே ஏற்காட்டு மலை
மேகத்தைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு
எங்களைத் தெரியாதது போல் நின்றது.

பள்ளியில் ஐந்து நிலம் படித்தேன்.
பாலைக்கு மட்டும் சொந்த மண் இல்லையாம்,
மற்றது காய்ந்தால் அதுவே பாலை.
இது காய்ந்ததல்ல,
தோண்டி எடுத்தது போக மீந்தது.
ஆறாவதாக இதற்கொரு பெயர்
எவரும் யோசிக்கவில்லை.

நானும் ரெஜினாவும்.
நான்கு ஆணி, ஒரு சணல் கயிறு,
நூறு தப்படிக்கு ஒரு சதுரம்.
குரும்பப்பட்டிக் காடு வரை ஒற்றையடிப் பாதை.

முதல் சதுரத்தில் எருக்கு. எருக்கு மட்டும்.
"இப்படியே போனா பத்து மணிக்கு வீடு" என்றாள்.
இரண்டாவதில் குனிந்தோம்.
வெகுநேரம் நிமிரவில்லை.

மிதிபட்டே பெயர் வாங்கிய செருப்படை,
சல்லிக்கு நடுவே தட்டையாய்,
வெள்ளைப் பொட்டளவு பூ வைத்து.
அதை ஒட்டி நெருஞ்சி,
வெயில் எப்பக்கமோ முகம் அப்பக்கம்.
இலையெல்லாம் கொட்டிச் செத்தது போல் நின்ற கிளுவையை
நகத்தால் கீறினேன்:
காகிதம் போலத் தோல் உரிந்து
உள்ளே பச்சை, ஈரமாக,
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துவிட்டது போலக் கூச்சம்.
விராலிக்கு எண்ணெய் தேய்த்த இலை.
ஆவாரைக்கு மாசி பங்குனி கணக்கில்லை,
பூத்துத் தீர்க்கிறது.
அதன் காலடியில் மறைந்து
நான்கு பட்டைத் தண்டாய்க் கல்முளையான்.
உப்புத் தொட்டுத் தின்னலாம் என்று
ரெஜினா ஒரு விரல் நீளம் தின்றும் காட்டினாள்.
முகம் கோணியது.
சதுரத்தில் ஒன்று குறைந்தது,
அதைப் படிவத்தில் காட்டவில்லை.

சுரங்கக் காவலாளி சின்னப்பையன்,
வயது ஐம்பத்தாறு,
நாங்கள் திருட வரவில்லை என்று நம்பிய பிறகு
கூடவே நடந்தார்.
"இது பேரு என்னங்க?"
"அது வேட்டியை விடாதது."
"இது?"
"அது நைட் டூட்டில கால்ல ஏறுனது. மூணு நாள் வீக்கம்."
"அது?"
"அதுகிட்ட நமக்குப் பேச்சு இல்ல."
மூன்றையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.
எங்கள் கையேட்டில் இருப்பதைவிடத்
தெளிவாகத்தான் இருந்தன.

பதினோரு மணிக்கு நாற்பத்தேழு.
பன்னிரண்டு வரிகள் நிரம்பி
விளிம்பு நிரம்பி
பின்பக்கம் நிரம்பி
ரெஜினாவின் உள்ளங்கையில்
கண்டங்கத்திரி, காரை, சூரை,
வெட்பாலை என்றிருந்ததை வியர்வை அழித்தது.
அலுவலகத்துக்குப் பேசினோம்.
"நாற்பத்தேழா? எதுக்கும்மா?
முட்புதர்னு போட்டு முடிங்க."
போனை வைத்ததும் எங்களிருவருக்கும் நடுவே
ஒரு துத்தி ஆடிக்கொண்டிருந்தது.
மாலையில்தான் பூப்பது.
அதற்கு நாங்கள் இருக்கப்போவதில்லை.

நாற்பத்தெட்டாவதை இருவருக்கும் தெரியவில்லை.
சின்னப்பையனுக்கும் தெரியவில்லை.
கடுகைவிடச் சிறிய பூ, நீலமா சாம்பலா,
குனிந்தால் நம் நிழல் விழுந்து
நிறம் மாறிவிடுகிறது.
பெயர் தெரியாதது: ஒன்று,
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இந்த வேலையில் சேர்ந்து
நான் எழுதிய நேர்மையான வரி அது.

திரும்பும் பேருந்தில்
என் சுடிதார் விளிம்பு முழுக்க நாயுருவி,
ஒட்டுப்புல், இன்னும் என்னென்னவோ.
கணக்கில் வந்தவை, வராதவை
எல்லாம் டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்தன.
பக்கத்தில் சேவை நாழி வாங்கிப்போகும் ஒருவர்
தன் முழங்கைக்குத் தாவிய ஒன்றை
முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கி
ஐந்து ரோடு சிக்னலில்
ஜன்னலுக்கு வெளியே சுண்டினார்.
சாலை நடுவே வரிசையாய் நட்ட அரளிகளுக்கு
மாநகராட்சி லாரி
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன்.
விதை விழுந்த இடம் தெரியவில்லை.
அதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.