ஒட்டு வீடு

டார்லிங்டன். ஜனவரி. காலை எட்டேகால்.
மோரீன் ஹெஸ்லப்பின் மாடிப்படிக்குக் கீழே
முழங்காலில் நிற்கிறேன், நெற்றியில் டார்ச்.
வேக்குவம் கிளீனர், கிறிஸ்துமஸ் மரப் பெட்டி,
செத்துப்போன பூனையின் கூடை
எல்லாம் வெளியே வந்த பிறகு
மீட்டர் தெரிகிறது.

ஹீட் பம்ப்புக்கு வயர் இழுக்கும் கணக்கு எளிது:
பின்சுவர்வரை பதினான்கு மீட்டர்,
ஆறு சதுர மில்லிமீட்டர் கவசக் கேபிள்,
அதற்கென்றே ஒரு பிரேக்கர், முப்பத்திரண்டு ஆம்பியர்,
வெளியே மழை புகாத பெட்டியில், கை எட்டும் உயரத்தில்
ஒரு ஐசொலேட்டர்.
மத்தியானத்துக்குள் விலை எழுதிக் கொடுத்துவிடலாம்.

கொடுத்திருக்கலாம்.
ஆனால் கம்பெனி முத்திரையிட்ட கறுப்பு ஃபியூஸ் பெட்டிக்குள்
தடித்த கேபிள் இரண்டு.
ஒன்று தெருவிலிருந்து வருகிறது.
மற்றது
சுவரைத் துளைத்துப் போகிறது.

எங்கே போகிறது, என்றாள்.
பக்கத்து வீட்டுக்கு.
டின்ஸ்டேல் வீட்டுக்கா?

பதினொரு வருடமாக
ஒட்டுமில்லை, உறவுமில்லை.
ஒரு வேலிச்செடி; அதை அவர் வெட்டிய உயரம்.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர்.
அவர் இருமினால் இவளுக்குத் தூக்கம் கலையும்.

"அப்படியானால் அந்த ஆளின் கெட்டிலுக்கு
நானா காசு கட்டுகிறேன்?"
இல்லை மோரீன், அவர் மீட்டர் அவருக்கு.
வழி மட்டும்தான் உங்கள் வீட்டால் போகிறது.
ஐம்பத்தாறில் கட்டியவர்கள்
செம்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.
அவள் முகத்தைப் பார்த்தேன்.
காசு என்றால் பொறுத்திருப்பாள்.

ஒரு கேபிளில் இரண்டு வீடு,
அதன் தலையில் இனி ஒரு ஹீட் பம்ப்.
கம்பெனி ஒத்துக்கொள்ளாது. பிரிக்க வேண்டும்.
பிரிக்க, அவருக்குத் தெருவிலிருந்து புதுக் கேபிள்;
அதற்கு அவர் முன்தோட்டத்தைத் தோண்ட வேண்டும்;
தோண்ட, அவர் கையெழுத்து.
படிவத்தை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"நீயே போ. நீ நடுநிலை."

எங்கள் தொழிலில் நடுநிலை என்பது
சும்மா கிடக்கிற கம்பி இல்லை.
போன கரண்ட் அத்தனையும்
அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.
சும்மாதானே என்று தொட்டவர்களை எனக்குத் தெரியும்.
போனேன்.

டின்ஸ்டேல் கண்ணாடியைத் தேடி எடுத்து
இரண்டு முறை வாசித்தார்.
"அவள் வீட்டைத் தாண்டித்தான் எனக்கு வருகிறதா?"
உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களுக்கும்.
பேனா கேட்டார்.
ரோஜாவின் வேரில் மண்வெட்டி படக்கூடாது, என்றார்.

ஏழு வாரம் கழித்து
ஆரஞ்சு ஜாக்கெட்காரர்கள் வந்தார்கள்.
மூன்று மணிநேரம் இரண்டு வீட்டிலும் கரண்ட் இல்லை.
இரண்டு வாசலிலும் ஒவ்வொரு கோட்,
ஒரே குழியைப் பார்த்தபடி.
பழைய கேபிளை வெட்டி
முனையில் தொப்பி மாட்டி மூடினார்கள்.
சுவரின் துளையில் இப்போது சிமெண்ட்.

மறுநாள் என் முறை.
கவசத்தின் இரும்பு இழைகளை வட்டமாக விரித்து
கிளாண்டில் இறுக்கினேன்.
எர்த்தைச் சோதித்தேன். விரல் மரத்ததால்
ஒரு திருகைப் புல்லில் தவறவிட்டுத் தேடினேன், கால் மணிநேரம்.
பிறகு ஐசொலேட்டரைத் திருப்பினேன்.
ஒன்றும் இல்லை.
உள்ளே யாரோ நாக்கைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம்.
விசிறி சுழன்றது.

கட்டையாய் வெட்டிய வேலிச்செடிக்கு மேலே
ஒரு கம்பளித் தொப்பி.
"ராத்திரி முழுக்க இப்படித்தான் சத்தம் போடுமா?"
கேட்டது என்னிடம் இல்லை.
மோரீன் கையுறையைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.
"உன் இருமலைவிடக் குறைவு."

நான் மூடியைத் திருகிவிட்டு
ஸ்டிக்கரில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்,
மெதுவாக,
நிமிராமல்.