பிரைவேட் நம்பர்

கோட்டையூருக்கும் செட்டிநாட்டுக்கும் நடுவே என் கேட்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
ஒரு கால் நொண்டும் பிளாஸ்டிக் நாற்காலி,
சிவப்பும் பச்சையும் காட்டும் கைவிளக்கு,
சுவரில், கைபட்டுக் கைபட்டு
வழவழத்துப்போன ஒரு போன்.

எடுத்தால் ஸ்டேஷன் மாஸ்டர் சுபோத் சார்.
பீகாரிலிருந்து வந்து மூன்று வருஷம்.
தமிழில் அவருக்குத் தொண்ணூற்றொன்பது வரைக்கும் தெரியும்,
அப்புறம் "கேட் மூடியாச்சா",
அப்புறம் "சாப்டாச்சா".
அதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது?

மூடிவிட்டு நான் ஒரு எண் சொல்வேன்.
குறித்துக்கொண்டு அவர் ஒரு எண் சொல்வார்.
எழுபத்து மூன்று.
பதினாறு.
அந்த எண்ணுக்குள் ஒன்றுமே இல்லை.
நான் தூங்கவில்லை, நீயும் தூங்கவில்லை,
அவ்வளவுதான்.

அதே கம்பியில் அடுத்த கேட் சகாயராணி.
நாலு வருஷத் தோழி. முகம் பார்த்ததில்லை.
எனக்கு ஓய்வென்றால் அவளுக்கு டூட்டி,
அவளுக்கு ஓய்வென்றால் எனக்கு.
மகன் கணக்கில் ஃபெயிலான ராத்திரி
எந்த வார்த்தைக்கு முன்னால் மூச்சை இழுத்தாள் என்பதுவரை தெரியும்.
அவள் கொட்டாவி விட்டால்
நாலு கிலோமீட்டர் தள்ளி என் வாய் திறக்கும்.
மழை முதலில் அவள் தகரத்தில்தான் விழும்.
"வருதுடி" என்பாள்.
ஓடிப்போய்க் கொடியில் காயும்
பச்சைக் கொடியை உள்ளே எடுப்பேன்.

ராத்திரியில் என்ன நடந்துவிடப் போகிறது என்பார்கள்.
ஆனி மாதம் ஒரு தேவாங்கு
கேட் கம்பத்தில் ஏறி
சிவப்பு விளக்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தது,
பழுத்துவிட்டதா என்று.
சகாயராணியிடம் சொன்னேன்.
"பழுத்துச்சா?" என்றாள்.

அது போகட்டும். வைகாசி முகூர்த்த நாளைச் சொல்கிறேன்.
ஒன்று நாற்பதுக்கு மூடினேன்.
கூட்ஸ் எங்கேயோ சிக்னலுக்கு வெளியே நின்றுவிட்டது.
கானாடுகாத்தான் கல்யாணத்திலிருந்து திரும்புகிற வேன் ஒன்று
பம்பரை கேட்டில் உரசுகிற மாதிரி வந்து நின்றது.
டிரைவர் என்னைத் திட்டினான், ரயில்வேயைத் திட்டினான்,
பிறகு கொசுவைத் திட்டினான்.
உள்ளே ஏழு மேளக்காரர்கள்,
மடியில் தவிலும் மொய்ப்பையும் பந்தி மிச்சமும்.
எனக்கு ஒரு பணியாரம் வந்தது.

இளைய ஒருவன் இறங்கி
உறையிலிருந்து நாகஸ்வரத்தை உருவினான்.
உள்ளேயிருந்து ஒரு குரல்:
"நீலாம்பரி வேணாம்டா,
பாவம், அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்."

வேறு என்னவோ வாசித்தான். பெயர் தெரியாது.
செம்மண்ணிலிருந்து சூடு கிளம்புகிற மாதிரி
கீழேயே கொஞ்ச நேரம் கிடந்தது.
பிறகு எழுந்தது.
கருவேலங்காட்டு நாய்கள் கேள்வி கேட்பதை நிறுத்தின.
தவில்காரர் விரலில் கூடு மாட்டவில்லை,
வேன் கதவிலேயே தட்டினார்.

போனை எடுத்தேன்.
சுருள் வயர் நீள்கிற மட்டும் இழுத்து
ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.
ரூல் புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது.
கை கடுத்தது. மாற்றிப் பிடித்தேன்.

முடிந்ததும் காதில் வைத்தால்
கம்பியில் இரண்டு மூச்சு.
ஒன்று சகாயராணி.
இன்னொன்று...
சார்ஜ் ஷீட்தான் என்று நினைத்தேன்.

"நூறு" என்றார் சுபோத் சார்.

எந்த வண்டிக்கும் கொடுக்க முடியாத எண்.
யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கூட்ஸ் வந்தது, ஐம்பத்தெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
வேன் போயிற்று.
ரெஜிஸ்டரில் எழுதினேன்:
மூடியது 1.40, திறந்தது 2.25.
காரணம்: வண்டி தாமதம்.

மூன்று மணிக்கு மணி அடித்தது.
"ஏன்டி, அந்தப் பையன் பாக்க எப்படி இருந்தான்?"
"இருட்டு. சரியாத் தெரியல.
வேட்டி மட்டும் வெள்ளை."